உடல் பருமன், மூப்பு, மரபணு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் பருமனும் மூப்பும் மரபணுவில் எங்கே சந்திக்கின்றன என்று ஆராயும் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக வேலை பார்க்கிறேன். மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊருக்குப் போகும்போது கல்யாணப் பந்தியிலும் ரயிலிலும் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும். அவை நீள வேண்டிய கேள்விகள்.

முனைவர் பட்டம் வாங்கியாயிற்று. அப்புறம் என்ன இன்னும் ஆராய்ச்சி?

சித்தி ஒவ்வொரு முறையும் கேட்பது இது. போஸ்ட்டாக் என்பது படிப்பு கிடையாது. பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. சம்பளத்துக்குச் செய்யும் தற்காலிக ஆய்வு வேலை. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து வருடம். முனைவர் பட்ட காலத்தில் வழிகாட்டியின் கைபிடித்து ஒரு கேள்விக்கு விடை தேடக் கற்றுக்கொள்கிறோம். போஸ்ட்டாக்கில் இன்னொருவருடைய ஆய்வகத்தில் உட்கார்ந்து, நம் கேள்வியை நாமே எழுப்பி நடத்திக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் பிறகு சொந்த ஆய்வகமோ, மருந்து நிறுவன வேலையோ.

எங்கள் துறையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆய்வகச் சுண்டெலி சுமார் இரண்டரை வருடம் வாழும். "இந்த மரபணுவை மாற்றினால் ஆயுள் கூடுகிறதா?" என்று எலியிடம் கேட்டால், பதில் வர மூன்று வருடம் ஆகும். போஸ்ட்டாக்கின் மொத்தக் காலமே அவ்வளவுதான். சேர்ந்த முதல் ஆறு மாதத்துக்குள் எலிகளைத் தொடங்காதவர்கள் முடிவைப் பார்க்காமலே கிளம்ப வேண்டியிருக்கும்.

உடல் பருமன் ஒரு நோய், மூப்பு இயற்கை. இரண்டையும் ஏன் ஒன்றாக ஆராய வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் புழுவிலிருந்து தொடங்கலாம். பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ், ஆயுள் இரண்டு மூன்று வாரம். உணவு குறைந்து கூட்டம் பெருகினால் அதன் குஞ்சு வளர்ச்சியை நிறுத்திவிட்டு, வாயையும் மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் ஒரு நிலைக்குப் போய்விடும். அந்த நிலைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் மரபணுக்களில் ஒன்று டாஃப்-2. 1993இல் சின்தியா கென்யனும் உடன் பணியாற்றியவர்களும், இந்த ஒரு மரபணுவில் பழுது இருந்தால் வளர்ந்த புழு இரண்டு மடங்குக்கும் மேலாக வாழ்கிறது என்று காட்டினார்கள். சும்மா உயிரோடு கிடக்கவில்லை. சாதாரணப் புழு செத்துக்கொண்டிருக்கும் வயதில் அது துடிப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது.

டாஃப்-2 எதற்கான மரபணு என்று பின்னர் தெரிந்தது. நம் உடலில் இன்சுலினையும், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் புழு வடிவம் அது. சாப்பாடு வந்திருக்கிறது, சேமித்துக்கொள், வளர் என்று செல்லுக்குச் சேதி சொல்லும் அதே பாதை எவ்வளவு காலம் வாழ்வது என்பதையும் தொடுகிறது. இன்னொன்று: நீண்ட நாள் வாழும் அந்தப் புழுக்களின் உடலில் கொழுப்பு கூடுதலாகவே இருந்தது.

அடுத்தது எலி. 2003இல் கொழுப்புத் திசுவில் மட்டும் இன்சுலின் ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை மற்ற எலிகள் அளவுக்கே சாப்பிட்டன, ஆனால் கொழுப்புப் பிடிக்கவில்லை. ஆயுள் 18 சதவீதம் கூடியது. பட்டினி போடாமலே இது நடந்தது.

மூன்றாவதாக மனிதர்கள். தென் ஈக்வடாரின் மலைக் கிராமங்களில் லாரான் குறைபாடு உள்ள நூறு பேர் வரை வாழ்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனை ஏற்கும் மரபணு பழுதானதால் பலர் நான்கடிக்கும் குறைவான உயரம். ஜெய்மே குவேரா-அகிரே என்ற மருத்துவர் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார். 22 வருடக் கண்காணிப்பின் முடிவுகள் 2011இல் வெளியாயின. அவர்களில் உடல் பருமன் அதிகம். ஆனால் ஒருவருக்குக்கூடச் சர்க்கரை நோய் இல்லை. புற்றுநோய் ஒரே ஒருவருக்கு வந்து, அவரும் பிழைத்துக்கொண்டார். அதே ஊரில் அதே சாப்பாடு சாப்பிட்ட, குறைபாடு இல்லாத சொந்தக்காரர்களில் 17 சதவீதம் பேருக்குப் புற்றுநோய், 5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. குறைபாடு உள்ளவர்கள் அதற்காக நூறு வயது வாழ்ந்துவிடவில்லை. விபத்தும் குடியும் வலிப்பும் பலரைக் கொண்டுபோயின. முதுமை கொண்டுவரும் இரண்டு பெரிய நோய்கள் மட்டும் அவர்களை நெருங்கவில்லை.

புழு, எலி, மனிதர் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் "எவ்வளவு கொழுப்பு" என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது. கொழுப்பு எங்கே தங்குகிறது, இன்சுலின் சொல்வதை உடல் எப்படிக் கேட்கிறது என்பவை முன்னுக்கு வருகின்றன. நான் இரவும் பகலும் யோசிப்பது இதைத்தான்.

குண்டாக இருப்பது பரம்பரையா, பழக்கமா?

இரண்டும்தான், ஆனால் மக்கள் நினைப்பதைவிடப் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது. 1986இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் குழு டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை எடுத்துக்கொண்டது. பெரியவர்களான பின் அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவே இல்லை. இரட்டையர் ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. எடையில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபு சார்ந்தது.

"அப்படியென்றால் என் தாத்தா காலத்தில் யாரும் குண்டாக இல்லையே, மரபணுவா மாறிவிட்டது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அருமையான கேள்வி. மரபணு மாறவில்லை, அது வேலை செய்யும் களம் மாறிவிட்டது. எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ என்ற மரபணுவை அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் பல தலைமுறைகளாக நடக்கும் ஆய்வில் பார்த்தார்கள். 1942க்கு முன் பிறந்தவர்களிடம் அந்த மரபணுவுக்கும் எடைக்கும் தொடர்பே தெரியவில்லை. அதற்குப் பின் பிறந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. மலிவான சர்க்கரையும் எண்ணெயும் உட்கார்ந்து செய்யும் வேலையும் வந்த பிறகுதான் அதே மரபணு எழுத்துக்குப் பொருள் கிடைத்தது.

ஒரே ஒரு மரபணுவால் ஒருவர் குண்டாக முடியுமா?

முடியும். அரிது, ஆனால் எங்கள் துறையே அங்கிருந்துதான் பிறந்தது.

1949 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், ஒரு கூண்டில் பருத்த சுண்டெலி ஒன்று கண்ணில் பட்டது. சினை என்று நினைத்தார்களாம். குட்டி போடவில்லை, பருத்துக்கொண்டே போனது. சாதாரண எலியின் மூன்று மடங்கு எடை. அதன் பழுதான மரபணுவுக்கு ஓபி என்று பெயர் வைத்தார்கள். 1966இல் அதே இடத்தில் டிபி என்ற இன்னொரு பருத்த எலி வகை கிடைத்தது.

டக்ளஸ் கோல்மன் இரண்டு எலிகளின் தோலைச் சேர்த்துத் தைத்து ரத்தம் கலக்கும்படி செய்து பார்த்தார். டிபி எலியோடு சாதாரண எலியை இணைத்தபோது சாதாரண எலி சாப்பிடுவதையே நிறுத்திப் பட்டினியால் செத்தது. டிபியோடு ஓபியை இணைத்தபோது ஓபி இளைத்தது. ஓபியோடு சாதாரண எலியை இணைத்தபோது ஓபி அளவாகச் சாப்பிடத் தொடங்கியது. கோல்மன் கண்ட முடிவு இது: ரத்தத்தில் "போதும்" என்று சொல்லும் பொருள் ஒன்று இருக்கிறது. ஓபி எலிக்கு அந்தப் பொருள் இல்லை. டிபி எலிக்கு அது நிறைய இருக்கிறது, ஆனால் காதில் விழவில்லை. பலர் நம்பவில்லை. 1994 டிசம்பரில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தபோது கோல்மன் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. கொழுப்புச் செல்லே சுரக்கும் ஹார்மோன் அது. ஒல்லி என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டார்கள்.

மூன்றே வருடத்தில் எலிக் கதை மனிதக் கதையானது. இங்கிலாந்தில் பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் இரண்டு குழந்தைகள், ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். எட்டு வயதுப் பெண்ணுக்கு 86 கிலோ. இரண்டு வயதுப் பையனுக்கு 29 கிலோ. கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி குழு பார்த்தபோது லெப்டின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதில் 94.4 கிலோ இருக்கும்போது தினமும் லெப்டின் ஊசி போடத் தொடங்கினார்கள். ஒரே வருடத்தில் 16.4 கிலோ குறைந்தது, கிட்டத்தட்ட எல்லாமே கொழுப்பு. பிறகு சிகிச்சை பெற்ற சிறுவன், ஊசிக்கு முன் ஒரே வேளையில் 1,100 கலோரிக்கும் மேல் சாப்பிட்டவன், ஊசிக்குப் பின் 180 கலோரியோடு தட்டைத் தள்ளிவிட்டான்.

இதைப் படித்த நாளில் எனக்கு அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான் நினைவில் நின்றார்கள். இப்படிப் பசிக்கும் குழந்தையின் தாயைப் பார்த்து உலகம் என்ன சொல்லியிருக்கும்? "நீ கொடுத்துத்தான் பிள்ளை இப்படி ஆச்சு." நம் ஊரில் அதைச் சொல்லாத தெரு இல்லை. மன உறுதிக் குறைவு, வளர்ப்புக் குறை என்று பேசப்பட்ட ஒன்று ஓர் எழுத்துப் பிழையாக இருந்தது. இதை மாணவர்களிடம் சொல்லும்போது இன்றும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

ஒற்றை மரபணுப் பருமனில் அதிகம் காணப்படுவது லெப்டின் குறை இல்லை, எம்சி4ஆர் என்ற ஏற்பியில் வரும் பழுது. லெப்டின் சொன்ன "போதும்" என்ற சேதியை மூளையில் பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் வாங்கும் இடம் அது. மனிதரில் அந்தப் பழுது 1998இல் கண்டறியப்பட்டது.

எச்சில் அனுப்பினால் உடல் பருமன் மரபணு இருக்கிறதா என்று சொல்கிறார்களே, பார்க்கலாமா?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வேண்டாம் என்பேன். பணம் மிச்சம்.

அந்தச் சோதனைகள் பெரும்பாலும் எஃப்டிஓவைப் பார்த்துச் சொல்லும். எடையோடு அதற்குள்ள தொடர்பு 2007இல் கண்டறியப்பட்டது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என வரும் அதன் இரண்டு பிரதிகளுமே எடை கூட்டும் வகையாக உள்ள ஒருவர், ஒன்றுமே இல்லாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல். அவ்வளவுதான். ஐரோப்பியரில் ஆறில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. உடலுழைப்பு உள்ளவர்களிடம் இதன் தாக்கம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது என்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்து 2011இல் சொன்னார்கள்.

சரி, ஒரு மரபணுவுக்குப் பதில் மொத்த மரபணுத் தொகுதியையும் பார்த்தால்? 2019இல் 21 லட்சம் இடங்களைச் சேர்த்து ஒரு மதிப்பெண் உருவாக்கினார்கள். நடுவயதில், அதிக மதிப்பெண் பெற்ற பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைந்த பத்தில் ஒரு பங்கினருக்கும் சராசரியாக 13 கிலோ வித்தியாசம். ஆனால் அதிக மதிப்பெண்காரர்களிலும் சுமார் 17 சதவீதம் பேர் சரியான எடையில் இருந்தார்கள். அதோடு இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் டிஎன்ஏவை வைத்துச் செய்தவை. நமக்குப் போட்டால் குறி தவறும். நம்மவர்களின் டிஎன்ஏ ஆய்வுகளில் மிகக் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து முடித்திருப்பது நல்ல தொடக்கம்.

ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?

சி.எஸ்.யாக்னிக் என்ற புனே மருத்துவரும் ஜான் யுட்கின் என்ற லண்டன் மருத்துவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவரும் வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு, 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்த்தால் இருவரும் ஒல்லி. எடை இயந்திரத்துக்கும் இருவரும் ஒன்றுதான்.

இது பிறக்கும்போதே தொடங்குகிறது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. எல்லாமே அதே விகிதத்தில் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. தசை மிகக் குறைவு, முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட இங்கிலாந்துக் குழந்தை அளவுக்கே. இதில் மரபணு எவ்வளவு, தலைமுறை தலைமுறையாகத் தாய்மாருக்குச் சரியான சாப்பாடு கிடைக்காதது எவ்வளவு என்பது இன்னும் ஆராயப்படுகிறது. லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரை வைத்து 2008இல் வந்த ஆய்வு, எம்சி4ஆருக்கு அருகில் உள்ள ஒரு பொதுவான மாறுபாடு இடுப்புச் சுற்றளவையும், இன்சுலின் சொல்வதை உடல் கேட்காத இன்சுலின் எதிர்ப்பையும் கூட்டுகிறது என்று காட்டியது. நம்மில் அந்த மாறுபாடு ஐரோப்பியரைவிட அதிகம்.

தோலடியில் கொழுப்பைப் பத்திரமாக வைக்க இடம் தீர்ந்துவிட்டால் அது கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேர்கிறது. தொப்பை அதனால்தான் முக்கியம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். இடையில் உள்ள அந்த 11 சதவீதத்தில் பலர் தங்களைச் சரியான எடை என்று நம்பிக்கொண்டிருக்கலாம். இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 23 தாண்டினாலே கூடுதல் எடை, 25 தாண்டினால் பருமன். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. வரைதான். தையற்கடை டேப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நாற்பது வயதுக்கு மேல் உடம்பு பெருக்கிறதே, வளர்சிதை மாற்றம் குறைந்துவிடுகிறதா?

அப்படித்தான் எல்லோரும் நம்பினோம். 2021இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தபோது, உடலளவைக் கணக்கில் கொண்டால் 20 வயதிலிருந்து 60 வயது வரை உடல் எரிக்கும் சக்தி ஏறக்குறைய மாறவில்லை. 60க்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது.

மாறுவது கொழுப்புச் செல். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் இதை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1950களில் தொடங்கி திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது. 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பின் இறங்கியது. அந்தக் கார்பன் சாப்பாட்டின் வழியே நம் டிஎன்ஏவுக்குள் போனது. ஒரு செல்லின் டிஎன்ஏவில் உள்ள கார்பன்-14 அளவைப் பார்த்தால் அது எந்த வருடம் பிறந்தது என்று சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்ததில், வயது வந்தவரின் கொழுப்புச் செல்களில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. எண்ணிக்கை மட்டும் இளமையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எடை குறைந்தவர்களிடமும் செல்கள் சுருங்கின, எண்ணிக்கை குறையவில்லை. அதே ஊர் ஆய்வாளர்கள் 54 பேரைச் சராசரியாக 13 வருடம் தொடர்ந்து பார்த்து, வயது கூடக் கூடக் கொழுப்புச் செல் தன்னிடம் உள்ள கொழுப்பை வெளியே விடும் வேகம் குறைகிறது என்று 2019இல் சொன்னார்கள். அதற்கு ஈடாகச் சாப்பாட்டைக் குறைக்காதவர்களுக்கு எடை ஏறியது.

குறைத்துச் சாப்பிட்டால், விரதம் இருந்தால், ஆயுள் கூடுமா?

1935இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே வெள்ளெலிகளுக்கு உணவைக் குறைத்து ஆயுளைக் கூட்டிக் காட்டினார். பிறகு அது ஈஸ்ட்டிலிருந்து எலி வரை நூறு முறை நிரூபிக்கப்பட்டது. குரங்குகளில்தான் குழப்பம். விஸ்கான்சினில் நடந்த ஆய்வு 2009இல் நல்ல பலன் என்றது. அமெரிக்க தேசிய முதுமை நிறுவனம் 2012இல் ஆயுள் கூடவில்லை என்றது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, விஸ்கான்சின் குரங்குகளின் உணவில் சர்க்கரை மிக அதிகம், குறைக்காத குழு இஷ்டத்துக்குச் சாப்பிட்டது என்று தெரிந்தது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது.

அதைவிட என்னைப் பாதித்தது எலி வம்சங்களில் வந்த முடிவு. 2010இல் நாற்பதுக்கும் மேற்பட்ட வம்ச எலிகளுக்கு 40 சதவீதம் உணவைக் குறைத்தார்கள். ஆயுள் கூடிய வம்சங்களைவிடக் குறைந்த வம்சங்கள் அதிகம். 2024இல் மரபு வேறுபாடு நிறைந்த 960 பெண் எலிகளில் உணவுக் குறைப்பையும் விரதத்தையும் பார்த்தார்கள். குறைத்துச் சாப்பிட்டவை சராசரியாக நீண்ட நாள் வாழ்ந்தன. ஆனால் ஆயுளில் உணவைவிட மரபின் பங்கு பெரிதாக இருந்தது. உணவு குறைந்தபோது எடை அதிகம் இழந்தவை சீக்கிரம் செத்தன, எடையை இறுகப் பிடித்துக்கொண்டவைதான் நெடுநாள் இருந்தன.

ஆகவே ஏகாதசிக்கோ நோன்புக்கோ விரதம் இருப்பவர்கள் தாராளமாக இருக்கலாம், ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யாரும் உறுதி தர முடியாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் செய்யவே கூடாது.

ஆய்வகத்தில் தினமும் என்னதான் செய்கிறீர்கள்?

செவ்வாய்க்கிழமை எடை பார்க்கும் நாள். காலை ஏழு மணிக்கு கவுன், கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு எலி அறைக்குள் போனால் மதியம்தான் வெளியே. தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. எலியை வால் அடியில் பிடித்து டப்பாவில் விட்டு, காதில் உள்ள எண்ணைப் படித்து, எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதாரணத் தீனி தின்னும் ஆண் எலி 30 கிராம் இருக்கும். கொழுப்புத் தீனி தின்பது 50 கிராமைத் தொடும்; உள்ளங்கையில் வைத்தால் சூடான கொழுக்கட்டை மாதிரி சாயும். அந்தத் தீனியில் 60 சதவீதக் கலோரி கொழுப்பிலிருந்து வருகிறது. அடையாளத்துக்காக நீல நிறம் சேர்த்திருப்பார்கள். கையுறையில் மெழுகு மாதிரி ஒட்டும். பிறகு ஒவ்வோர் எலியையும் கண்ணாடி போன்ற குழாயில் விட்டு ஒரு காந்த இயந்திரத்துக்குள் நுழைத்தால் இரண்டு நிமிடத்தில் இவ்வளவு கொழுப்பு, இவ்வளவு தசை என்று வந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம்.

மீதி நாட்கள் கணினி முன். மரபணுத் தரவு, புள்ளியியல், வரைபடம். வயதான எலிகளைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். நான் பயன்படுத்தும் வம்சத்துக்கு வயதானால் கழுத்தில் தோல் புண் வரும். சொறிந்து சொறிந்து பெரிதாக்கிக்கொள்ளும். ஆறாது என்று தெரிந்தால் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். என் முதல் தொகுதியில் பதினான்கு மாதம் வளர்த்த சில எலிகளை அப்படி இழந்தேன். குறிப்பேட்டில் அந்த எண்களுக்கு எதிரே தேதி எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். இத்தனை உயிர்களை எடுத்துக்கொள்கிறோம் என்றால் சோதனையைச் சரியாகத் திட்டமிட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த அறையில்தான் வந்தது.

மருந்து வந்துவிட்டதா?

லெப்டின் பாதையில் சில அரிய பழுதுகள் உள்ளவர்களுக்குச் செட்மெலனோடைடு என்ற ஊசியை அமெரிக்கா 2020இல் அனுமதித்தது. எம்சி4ஆர் ஏற்பியை நேராகத் தட்டி எழுப்பும் மருந்து. செமாகுளுடைடு என்ற இன்னொரு மருந்து பலருக்குப் பசியைக் குறைக்கிறது. சர்க்கரை இல்லாத, ஆனால் இதய நோயும் கூடுதல் எடையும் உள்ள 17,604 பேரிடம் நடந்த சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. வயதானவர்கள் இதை எடுக்கும்போது தசையும் சேர்ந்து குறைவதைக் கவனிக்க வேண்டும். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்த ராபமைசின் என்ற மருந்து, மனிதக் கணக்கில் அறுபது வயதுக்குச் சமமான எலிகளுக்குக் கொடுத்தும் ஆயுளைக் கூட்டியது என்று 2009இல் வந்தது. மனிதர்களில் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்று எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இந்தத் துறையில் போஸ்ட்டாக் சேர என்ன படிக்க வேண்டும்? சம்பளம்?

விலங்கியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவம், புள்ளியியல், எதிலிருந்தும் வரலாம். புள்ளியியலையும், ஆர் அல்லது பைதான் நிரல்மொழியையும் முனைவர் பட்டக் காலத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். எலி பிடிக்க இரண்டு வாரத்தில் பழகிவிடலாம், இதற்கு வருடங்கள் ஆகும்.

விண்ணப்பம் என்பது பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல்தான். ஆய்வகத் தலைவரின் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய கடைசி இரண்டு பேப்பரைப் படித்து, "இதற்கு அடுத்து இதைச் செய்யலாமே" என்று நான்கு வரி எழுதுங்கள். எனக்குப் பதில் வந்த மின்னஞ்சல்கள் எல்லாமே அப்படி எழுதியவை. நேர்காணலின்போது அங்கே இப்போது இருக்கும் போஸ்ட்டாக்குகளிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

அமெரிக்காவில் என்ஐஎச் என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நிர்ணயித்த முதல் வருட உதவித்தொகை 2024இல் ஆண்டுக்கு 61,008 டாலர். பல இடங்களில் அதையே அளவாக வைக்கிறார்கள். பெரிய நகர வாடகைக்கு அது இறுக்கம்தான். ஐரோப்பாவில் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு முனைவர் பட்டத்துக்குப் பின் எட்டு வருட ஆய்வு அனுபவத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்), டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம், மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), சென்னையில் நான் மேலே சொன்ன நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஆகியவற்றில் மூப்பு, வளர்சிதை மாற்றம், நீரிழிவு மரபியல் வேலை நடக்கிறது. நம் மக்களின் மரபணுவைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கேதான் விடை கிடைக்கும்.

என் குழந்தைக்கு எப்போதும் பசி, எடையும் அதிகம். மரபணுக் கோளாறாக இருக்குமா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி இருக்காது. ஆனால் ஐந்து வயதுக்கு முன்பே எடை மிக வேகமாக ஏறியிருந்தால், சாப்பிட்டு முடித்த உடனே மறுபடி அழுதால், இரவில் எழுந்து சாப்பாடு தேடினால், கேட்டே ஆக வேண்டும். பெற்றோர் நெருங்கிய உறவுக்குள் மணம் செய்தவர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை; லெப்டின் குறை போன்றவை இரண்டு பிரதியும் பழுதானால்தான் வெளிப்படும், மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் அதற்கு வாய்ப்புக் கூடும். பிறந்தபோது உடல் துவண்டு பால் குடிக்கத் திணறி, இரண்டு மூன்று வயதுக்குப் பிறகு அடங்காத பசி வந்தால் அது பிராடர்-வில்லி என்ற மரபணுக் கோளாறாக இருக்கலாம். கூடுதல் விரல், மாலையில் கண் தெரியாமை ஆகியவை பருமனோடு சேர்ந்தால் பார்டெட்-பீடில் என்ற இன்னொரு மரபணுக் கோளாறாக இருக்கலாம். எடை ஏறி உயரம் மட்டும் நின்றுபோனால் முதலில் தைராய்டு போன்ற ஹார்மோன்களைப் பார்ப்பார்கள்.

குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் போங்கள். உறவினர் சொன்னார்கள் என்று பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், மற்றவர் முன் வைத்துத் திட்டாதீர்கள். போகும்போது தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து செவிலியர் ஒவ்வொரு முறையும் எழுதிவைத்த எடை அதில் இருக்கும். எந்த மாதத்தில் கோடு மேலே ஏறத் தொடங்கியது என்று மருத்துவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.